கஞ்சி போட்ட பாய்கள்

தப்பாகச் சொல்லிவிடுவேன், எனக்குத் தெரியும். காலையில் பல் விளக்கும்போதே சொல்லிப் பார்த்தேன். எழுபத்துநான்கு பீரங்கி, இரண்டாயிரம் தேக்கு மரம், கட்டி முடிக்க மூன்று வருஷம் என்பது வரைக்கும் தடையில்லாமல் வந்தது. கப்பலில் ஆட்கள் எத்தனை என்ற இடத்தில் நின்றுவிட்டது. ஐந்நூற்றுத் தொண்ணூறா, தொள்ளாயிரத்து ஐம்பதா. பதினொரு வருஷமாகக் காதில் விழுகிற கதை. கைடு ஞானப்பிரகாசம் சார் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் பக்கத்து அறையில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருப்பேன். எந்த இடத்தில் இருமுவார், எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைப்பார் என்பதெல்லாம் தெரியும். இந்த ஒரு கணக்கு மட்டும் நிற்கவில்லை. பீரங்கியில் சந்தேகமே கிடையாது, அது நானே தொட்டுத் துடைத்தது, இந்தப் பக்கம் முப்பத்தேழு, அந்தப் பக்கம் முப்பத்தேழு. ஆட்களைத் துடைக்க முடியாதே. இப்போது மணி பன்னிரண்டே முக்கால். மூன்று மணிக்கு வருகிறார்கள். நேற்று சாயங்காலம் கமிட்டி செயலாளர் வரதராஜுலு சார் போன் பண்ணினார். "அஞ்சலாட்சி, நாளைக்கு மெட்ராஸ் மியூசியத்துலருந்து ரெண்டு பேர் நம்ம காட்சிக்கூடத்தைப் பாக்க வர்றாங்க. எனக்குச் சிதம்பரத்துல கல்யாணம், தட்ட முடியாது. ஞானப்பிரகாசமும் மக வீட்டோட போயிட்டாரு. நீதான் இருக்க. கப்பலைப் பத்திக் கேப்பாங்க, எடுத்துச் சொல்லு. நல்லா சொன்னேன்னா உன்னையே கைடாப் போடச் சொல்லி எழுதிக் குடுத்துடறேன். ஏதாச்சும் உளறி வச்சேன்னு வையி, பாத்துக்க ஆளில்லன்னு கப்பலை லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எதைத் துடைக்கப் போற, வெறுஞ்சுவத்தையா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், போனில் சிரிக்காவிட்டால் மரியாதை இல்லாமல் போய்விடும். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. உளறி வச்சேன்னு வையி. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இந்தப் பழைய சுங்கக் கட்டடத்தில் இருப்பது ஒரே ஒரு பெரிய கப்பல் பொம்மையும், ஒரு நங்கூரமும், இரண்டு லாந்தரும்தான். கப்பல் போய்விட்டால் நங்கூரத்தைப் பார்க்க யார் வருவார்கள்? என்னை யார் வரச்சொல்வார்கள்?

பொம்மை என்று சொல்லக்கூடாது, மாதிரி என்று சொல்லணும். ராயல் ஹென்ரியேட்டா என்னும் போர்க்கப்பலின் மாதிரி. ஹென்ரியேட்டா. முதல் ஒரு வருஷம் எனக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை, சார் அதை ராணி என்றுதான் சொல்வார், நானும் ராணி என்றே வைத்துக்கொண்டேன். அவர்களிடம் ராணி என்று சொல்லக்கூடாது. ஹென்ரியேட்டா. ஒன்பதடி நீளம். அசல் கப்பல் இதைப்போல இருபது மடங்கு. மேற்குக் கரையில் தேக்கில் கட்டினது, நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே ஆகிறது, இல்லை, இருநூறு. பார், இதுவும். சாரிடம் உள்ள கஷ்டம் என்னவென்றால் அவர் ஒரே கதையைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் ஒரு கதை. அதில் தொள்ளாயிரத்து ஐம்பது பேர், கேப்டனுக்குக் கால் போய்விடும், ஒற்றைக் காலில் நின்றுகொண்டே சுடு சுடு என்று கத்துவார். படித்தவர்கள் வந்தால் இன்னொன்று, அதில் காலே போகாது, வெறும் டன் கணக்கும் வருஷமும்தான். வெள்ளைக்காரர்கள் வந்தால் இங்கிலீஷில், அதில் என்ன போகிறது என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது, அவர்கள் தலையாட்டுவார்கள், ஒரு தடவை ஒரு வெள்ளைக்கார அம்மா அழுதது. மெட்ராசிலிருந்து வருகிறவர்களுக்கு எதைச் சொல்வது? படித்தவர்கள்தான், ஆனால் என் வாயிலிருந்து டன் கணக்கு வந்தால் நம்புவார்களா? ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு வாரத்துக்கு முன்பே ரெஜினா டீச்சர் ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு பதில் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வாஸ்கோடகாமா வந்த வருஷம். ஒரு வாரமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன், தண்ணீர் எடுக்கப் போகும்போதுகூட. இன்ஸ்பெக்டர் என் பக்கம் விரலை நீட்டி, நம் மாநிலத்தில் பெரிய ஆறு எது என்று கேட்டார். அது விசாலாட்சியின் கேள்வி. நான் எழுந்து கணீரென்று ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றேன். சத்தம் இல்லாமல் சொன்னால் டீச்சர் கிள்ளுவார்கள் என்று சத்தமாகவே சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, அதுதான் உறைத்தது. "உக்காரும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மாசமே என்னை இறால் உரிக்கிற கொட்டகையில் சேர்த்துவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டில் கஷ்டம், எப்படியும் நிறுத்தத்தான் போகிறார்கள். ஆனால் ஐஸில் விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் காவிரி காவிரி என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். நாற்பத்தொன்பது வயதாகிறது. இன்னும் யாராவது விரலை நீட்டினால் காவிரி என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

ஆட்களைப் பற்றி மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொள்கிறேனே, பொய். உண்மையான பயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பாய்களில். நான் அந்தப் பக்கம் பார்க்காமலேயே பெருக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று பாய்மரத்திலும் சேர்த்துப் பத்தொன்பது பாய். சார் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் சொல்வார், எனக்கு நிற்காது, நான் வைத்துக்கொண்டது வேறு. அடியில் அகலமாக இருப்பது ஜமுக்காளம், அதற்கு மேலே வேட்டி, அதற்கு மேலே துண்டு, உச்சியில் கைக்குட்டை. தானே புயல் அடித்து ஓடு பறந்தபோது கண்ணாடிப் பெட்டி உடைந்து கப்பல் முழுக்க நனைந்ததாம், சுவரில் மாட்டியிருந்த காகிதம், கோப்பு எல்லாம் கூழாகிப்போனதாம். அதற்குப் பிறகு சுத்தம் பண்ண ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். நான் வந்தபோது மரமெல்லாம் காய்ந்திருந்தது, பாய்கள் மட்டும் கறுப்புப் பூசணம் பிடித்து, தொட்டால் நாற்றம். சுத்தம் பண்ணு என்றார்கள், பண்ணினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கணும் என்று தோன்றவே இல்லை, துணி அழுக்காக இருந்தால் துவைப்பதற்கு யாரைக் கேட்பார்கள்? வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை சாயங்காலமே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, எது எந்த மரத்தில் இருந்தது என்று தெரிவதற்காக மூலையில் ஒரு நூல் தையல், இரண்டு நூல் தையல் என்று போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் கொத்தனார், வெள்ளைச் சட்டை போட்டால் கஞ்சி விறைப்பு இல்லாமல் போடமாட்டார். அவர் தவறிப்போய் அப்போது இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் கஞ்சி வடிக்கவில்லை, சொட்டு நீலம் வாங்கவில்லை. அன்றைக்கு வாங்கினேன். சோடா உப்பில் ஊறவைத்து, அலசி, நீலத்தில் முக்கி, வடிகஞ்சியில் போட்டெடுத்து, கொடியில் பத்தொன்பது பாயும் வரிசையாகக் காய்ந்தது. எதிர்வீட்டு அமுதா வந்து, "யாரு வீட்டுல பேரக்குழந்த? இம்மாந் துணி காயுது" என்றாள். ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டி போட்டேன். சனிக்கிழமை காலையில் சார் வருவதற்குள் கட்டிவிட்டேன். கப்பல் பளீரென்று நின்றது. இப்போது நினைத்தாலும் வயிற்றுக்குள் ஒரு குளுமை. சார் உள்ளே வந்து, நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "என்னம்மா, ராணிக்குத் தீபாவளியா?" என்றார். அவர் இருபது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர், அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும், கஞ்சி போடக்கூடாது என்று. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். என் முகம் அன்றைக்கு எப்படி இருந்ததோ. இரண்டே மாசம். கஞ்சி வாசத்துக்குக் கரப்பான் வந்துவிட்டது. ஜமுக்காளத்தில் எட்டு, வேட்டியில் ஒன்பது, துண்டில் ஆறு, மொத்தம் இருபத்துமூன்று ஓட்டை, சிலது சுண்டுவிரல் போகிற அளவு. உச்சிக் கைக்குட்டைகள் தப்பின, ஏன் தப்பின என்று தெரியாது. மறுபடி அவிழ்க்கப் பயம், தைக்கப் பயம், சொல்லப் பயம். அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பெண்கள் வந்தார்கள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி, "சார், பாயி ஏன் சார் கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றுவிட்டேன். சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லா கேட்ட. அது கிழிசல் இல்ல, பீரங்கிக் குண்டு. அந்தச் சண்டையில எங்கெங்க குண்டு பாஞ்சுதோ, அந்தந்த இடத்துல ஓட்டை போட்டே இந்த மாதிரியைச் செஞ்சிருக்காங்க" என்றார். பிள்ளைகள் ஆ என்றார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். இந்தப் பதினொரு வருஷத்தில் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் கதை வளர்ந்துகொண்டே போனது. ஒரு வருஷத்தில் இந்த ஓட்டையில் போன குண்டுதான் கேப்டன் காலில் பட்டது என்றார். இன்னொரு வருஷத்தில் பிள்ளைகள் நோட்டில் ஓட்டைகளை வரைந்து நம்பர் போட ஆரம்பித்தார்கள். கமிட்டியில் தகரப் பலகை எழுதி வாசலில் மாட்டினார்கள், போரில் துளைக்கப்பட்ட பாய்களுடன் என்று. நான் தினமும் அந்தப் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

ஒன்றே கால். டீக்கடை கலியமூர்த்தி டம்ளர் எடுக்க வந்தான். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான். "என்னக்கா, கப்பல்கிட்ட என்னமோ பேசிக்கிட்டு இருக்க?" என்றான். சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது வெளியே கேட்டிருக்கிறது. "உங்கிட்ட பேசுறதுக்கு இதுகிட்ட பேசலாம்டா" என்றேன். "அதும் சரிதான், அது கடன் சொல்லாது" என்று சிரித்துக்கொண்டே போனான். முகத்துவாரத்திலிருந்து காற்று வருகிறது, மீன் வாடையும் டீசலும். எனக்குத் திடீர் திடீரென்று உடம்பு முழுக்கச் சூடு ஏறுகிறது இப்போதெல்லாம், காதுக்குப் பின்னால் வேர்த்து, அப்புறம் தானாகவே குளிர்ந்துவிடும். டாக்டர் இந்த வயசில் வருவதுதான் என்றார். யாரிடமாவது சொல்லணும் போல இருக்கும், மகள் மலர்க்கொடியிடம் சொன்னால் திருப்பூரிலிருந்து "மோர் குடிம்மா" என்பாள், அவளுக்கும் வேலை. வீட்டில் நான் வாயைத் திறந்து முழு வாக்கியம் பேசுவது ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணும்போதுதான். இங்கே அப்படி இல்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள், குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு வரலாமா என்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லலாம். ஒருத்தரும் வராத நாளில் சார் இருந்தார். ஒரு ஐப்பசி, மூன்று நாள் விடாத மழை, ஒரு ஈ காக்கை இல்லை. நங்கூரத்துப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அஞ்சல, உனக்கு மிச்சக் கதை சொல்லட்டா? இது யாரும் கேக்கறதில்ல. சண்டையோட எந்திரிச்சுப் போயிடுறாங்க" என்றார். நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அவர் முன்னால் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ராணி சண்டையில் மூழ்கவில்லை. நடுப் பாய்மரம் முறிந்தது, நூற்றுச் சொச்சம் பேர் செத்தார்கள், ஆனால் தானாகவே கரைக்கு வந்து சேர்ந்தது. பழுது பார்த்தார்கள். அதற்குப் பிறகு சண்டையே வரவில்லை. ஒன்பது வருஷம் துறைமுகத்தில் சும்மா நின்றது. அப்புறம் மூன்று பாய்மரத்தையும் கழற்றிவிட்டு, பீரங்கியை எல்லாம் இறக்கிவிட்டு, ஆற்றங்கரையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். கொஞ்ச வருஷம் காய்ச்சல் வந்த சிப்பாய்களைப் போட்டுவைக்கிற ஆஸ்பத்திரி. அப்புறம் கைதிகளுக்கு ஜெயில். அப்புறம் அதுவும் இல்லை, கரி கொட்டி வைக்கிற கிடங்கு. மேலே ஓலைக்கூரை போட்டிருந்தார்களாம், மழைக்கு. கடைசியில் ஒரு காவல்காரனும் அவன் பெண்சாதியும் மட்டும் அதில் குடியிருந்தார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூறு பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர். அன்றைக்குச் சொன்னார், ஐந்நூற்றுத் தொண்ணூறு! இதோ வந்துவிட்டது. ஐந்நூற்றுத் தொண்ணூறுதான் நிஜம், மற்றது பிள்ளைகளுக்கு. ஐந்நூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்றுத் தொண்ணூறு. "அந்தப் பொம்பள பீரங்கி நின்ன ஜன்னல்ல கீரைத் தொட்டி வச்சிருந்தாளாம்" என்றார் சார். "நிஜமாவா சார்?" என்றேன். "கூழாப் போன காகிதத்துல இருந்துதும்மா, நான் படிச்சது" என்றார். முப்பத்தோரு வருஷம் அப்படிக் கிடந்து, ஒருநாள் உடைத்துப் பலகையாக எடுத்துப் போனார்களாம். மழை ஓடுகளில் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சண்டை மனசில் நின்றதில்லை. அந்தப் பெண்தான் நிற்கிறாள். அவ்வளவு பெரிய மரவீட்டில் காலையில் எழுந்ததும் எந்தப் பக்கம் போவாள், கால் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும், புருஷன் கரைக்குப் போய்விட்டால் யாரோடு பேசுவாள்? அவளைப் பற்றி எனக்கும் சாருக்கும் மட்டும்தான் தெரியும், வேறு யாருக்கும் இந்த உலகத்தில் தெரியாது. இதையும் சொல்லட்டுமா அவர்களிடம்? சொன்னால் நல்ல பேர் வருமோ? கீரைத் தொட்டி என்றால் சிரிப்பார்களோ?

சாருக்கு ஒரு போன் போட்டுவிடலாம் என்று ஒன்றரை மணியிலிருந்து நினைத்து இரண்டு மணிக்குத்தான் போட்டேன். சாப்பிட்டுப் படுத்திருப்பார், ஓசூரில் மகள் என்ன நினைப்பாளோ. மகள்தான் எடுத்தாள். "யாரு? மியூசியத்து அம்மாவா? அப்பா, உங்க கப்பல்லருந்து போன்" என்று கத்தினாள். சாரின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல். "அஞ்சல! ராணி எப்படி இருக்கா?" என்றார். மெட்ராஸ்காரர்கள் வருகிறார்கள், கப்பலைப் பற்றிக் கேட்பார்கள், எதைச் சொல்வது என்று கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லு, உனக்குத் தெரியாததா" என்றார். "ஓட்டையப் பத்திக் கேட்டா என்ன சார் சொல்றது?" என்றேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவை அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது. "எந்த ஓட்ட? பாயில இருக்கறதா? சண்டையில பட்டதுன்னு சொல்லு. செஞ்சவன் அப்படியே அச்சா செஞ்சிருக்கான்னு சொல்லு" என்றார். சரி, அவர் பக்கத்தில் மகள் இருக்கிறாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, "சார், அது நான் கஞ்சி போட்டு..." என்றேன். "கஞ்சியா? என்ன கஞ்சி?" என்றார். விளையாட்டில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், சிரிப்பார் என்று. "அஞ்சல, நீ வர்றதுக்கு முன்னாடியே அந்த ஓட்டை இருக்கு. நான் மொதமொத அந்த வேலைக்கு வந்தப்பவே பாத்திருக்கேன். நீ எதையோ போட்டுக் குழப்பிக்கிற. பயப்படாம சொல்லு, என்ன?" என்றார். "சரிங்க சார்" என்றேன். "வேளைக்குச் சாப்பிடு" என்றார். வைத்துவிட்டேன். பொய்யை எனக்காகச் சொன்னவருக்கே அது பொய் என்பது மறந்துபோய்விட்டது. ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி அவர் கண்ணில் குண்டு பாய்ந்ததே தெரிகிறது போல. அப்படியானால் அன்றைக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை? அதுவும் இல்லை என்று ஆகிவிட்டதா? கொடியில் காய்ந்த பத்தொன்பது பாயும் இப்போது என் ஒருத்தி தலையில் மட்டும் இருக்கிறது. நான் தப்பாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனோ? இல்லை. மூலையில் நூல் தையல் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் நெற்றி பட்டு மூச்சு படர்ந்தது. வேட்டியின் மூலையில் என் இரண்டு நூல் தையல், கறுப்பு நூல். துடைத்துவிட்டு வந்தேன்.

இரண்டரைக்கு எனக்கு ஒரு தெளிவு வந்தது. தெளிவு என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் நிஜமாகச் சொல்லிவிடுவது. ஐந்நூற்றுத் தொண்ணூறு பேர், சண்டை, முறிந்த பாய்மரம், ஆஸ்பத்திரி, ஜெயில், கரி, கீரை வைத்த பெண். ஓட்டையைக் கேட்டால், அது என் தப்புங்க, அழுக்காக இருந்ததே என்று துவைத்தேன், கஞ்சி போட்டேன், கரப்பான் அரித்துவிட்டது, பெரியவர் ஒருவர் என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொன்னார். எவ்வளவு சுலபம். முகத்தைக் கழுவிக்கொண்டேன், புடவை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டேன், கப்பலின் முன்னால் நின்று வாய்விட்டு முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. என் குரல் ஓட்டில் மோதித் திரும்பி வந்தது, நன்றாகத்தான் இருந்தது. மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், பருத்திப் புடவை, கையில் கோப்பு. "வணக்கம்மா, என் பேர் சாருலதா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள், என்னைப் பார்த்து! கூட ஒரு வெள்ளை மீசைக்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். நல்ல மனுஷர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், இருக்கட்டும்மா, மொதல்ல கப்பலைப் பாத்துடறோம் என்றார்கள். நான் ஒரு பக்கமாக நின்று, ராயல் ஹென்ரியேட்டா என்னும் போர்க்கப்பலின் மாதிரி என்று ஆரம்பிப்பதற்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். மீசைக்காரர் சின்ன டார்ச் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குள் அடித்தார். ஜமுக்காளத்தில் நின்றது வெளிச்சம். வேட்டிக்கு ஏறியது. "மேடம், இங்க வாங்களேன். வெளிய பலகையில குண்டு பாஞ்சதுன்னு எழுதியிருந்துதே? இது பூச்சி அரிச்சது. மாதிரி செய்றவன் எவனாவது பாயில ஓட்டை போடுவானா? துணி நிக்கறதப் பாருங்க, வெறப்பா. எவனோ புண்ணியவான் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியிருக்கான்" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். "கஞ்சியா? கப்பலுக்கா?" என்று அந்த அம்மாவும் சிரித்தார்கள். கோபமே இல்லை. அதைத்தான் இப்போது வரைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், அவர்கள் முகத்தில் கோபமே இல்லை. அப்படியே சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, கையை நீட்டி, "யாரும்மா பண்ணது, உங்களுக்குத் தெரியுமா? நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார்கள்.

உடம்பு முழுக்க அந்தச் சூடு ஏறியது. எல்லாம் தயாராக இருந்தது, நாக்கு நுனியில் இருந்தது. "ஆறு மாசங்க" என்றேன். கணீரென்று வந்தது. "ஆறு மாசந்தானா?" என்றார்கள். "ஆமாங்கம்மா. பெருக்கித் துடைக்க மட்டும் எடுத்தாங்க." "முன்னாடி ஒரு கைடு இருந்தாராமே?" "யாரோ ஒருத்தர் இருந்தாருன்னு சொன்னாங்க, நான் பாத்ததில்லீங்க." மீசைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். அந்த அம்மா கோப்பில் என்னவோ எழுதினார்கள். "பயப்படாதீங்க, உங்க மேல ஒண்ணும் இல்ல. கப்பல் இங்கயே இருக்கட்டும். அடுத்த மாசம் படிச்ச ஆளா ஒருத்தரை அனுப்பறோம், அவர் பாத்துக்குவார். நீங்க தரையத் துடைக்கற வேலைய அப்படியே பாருங்க, கப்பல மட்டும் தொட வேணாம்" என்றார்கள். "சரிங்கம்மா" என்றேன். தப்பித்துவிட்டேன் என்று உடம்புக்குத் தெரிந்தது. கிளம்பப் போன அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு நின்றார்கள். "பாவம், தினமும் இதோட இருக்கீங்க, இதைப் பத்தி யாராச்சும் உங்களுக்குச் சொன்னாங்களா?" "இல்லீங்கம்மா." "வாங்க, நான் சொல்றேன்" என்று என் தோளில் கை வைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார்கள். என் தோளில் ஒரு கை பட்டு எவ்வளவு நாள் ஆகிறது. அறுநூறு பேர் இருந்தார்கள் என்றார்கள். தேக்கு என்றார்கள். நம்ம கடலில்தான் பெரிய சண்டை நடந்தது, பாய்மரம் முறிந்தது, அன்றைக்குச் சாயங்காலமே அத்தனை பேரோடும் மூழ்கிப்போனது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் ஞாபகம் என்றார் மீசைக்காரர். நான் கையைக் கட்டிக்கொண்டு, முதல் தடவை கேட்கிறவளாக, அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் என்னம்மா," என்றார்கள் அந்த அம்மா, "அதோட முடிஞ்சு போச்சு." "ஐயோ பாவம்" என்றேன்.